எத்தனை வருஷம் இருப்பீர்கள்?

வெளிநாட்டில் உத்தியோகம் என்று சொன்னவுடன் ஊரில் எல்லோரும் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அப்புறம் குளிரைக் கேட்கிறார்கள். அரிசி கிடைக்குமா என்று கேட்பவர்கள் நம்மிடம் உண்மையான பிரியம் உள்ளவர்கள். குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

என் மனைவிக்கு ஜெனீவாவில் ஒரு சர்வதேச ஸ்தாபனத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் உத்தியோகம் கிடைத்தது. என் தொழிலோ எழுத்து. அதை எந்த மேஜையிலும் செய்யலாம். ஆகவே, பத்து வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கிற இலாகா என் தலையில் விழுந்தது.

அங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெருமுனையில் இருக்கும் அரசாங்கப் பள்ளி. சம்பளம் கிடையாது. பாடம் முழுவதும் பிரெஞ்சு. மொழி தெரியாமல் வருகிற குழந்தைகளுக்கு வரவேற்பு வகுப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாளில் ஒரு பகுதி அங்கே பிரெஞ்சு கற்றுக் கொடுத்து, மீதிப் பொழுது மற்றக் குழந்தைகளோடு உட்கார வைக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணி நேரம் இடைவேளை. குழந்தை வீட்டுக்கு வந்து ரசஞ் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டாவது வழி சர்வதேசப் பள்ளி. ஆங்கிலத்தில் படிப்பு. சம்பளம் வருஷத்துக்கு 30,000 பிராங்குக்கு மேல் கூடப் போகும். அந்தத் தொகைக்கு நான் எத்தனை நாவல் எழுத வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயுள் போதவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு ஸ்தாபனமே அதில் பெரும் பகுதியைக் கொடுத்து விடுகிறது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

இந்தச் சங்கடம் ஜெனீவாவுக்குப் புதிதல்ல. முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு சர்வதேச சங்கம் அங்கே ஏற்பட்டபோது, பல தேசங்களிலிருந்து வந்த உத்தியோகஸ்தர்கள் இதே கேள்வியோடு விழித்தார்கள். அதற்கு விடையாகத்தான் 1924-ல் எட்டுக் குழந்தைகளை வைத்துக் கொண்டு ஜெனீவா சர்வதேசப் பள்ளி ஆரம்பமாயிற்று. 1926-ல் கமலா நேருவின் வைத்தியத்துக்காக அந்த ஊருக்குப் போன ஜவாஹர்லால், எட்டு வயது இந்திராவை அங்கேதான் சேர்த்தார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்களே, அதுவும் இதே கவலையில் பிறந்ததுதான். சமவெளியின் வெயிலில் ஊழியம் செய்தாலும், குழந்தை அமெரிக்காவுக்குத் திரும்பினால் அங்கே படிப்பு ஒட்ட வேண்டும் அல்லவா? 'திரும்பினால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

நாங்கள் போய்ப் பார்த்த சர்வதேசப் பள்ளியில் சேர்க்கை அம்மாள் மிகவும் இனிமையாகப் பேசினாள். குழந்தைக்கு என்ன பிடிக்கும், என்ன சாப்பிடுவாள் என்றெல்லாம் விசாரித்தாள். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் 'நாவலாசிரியர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு அனுதாபப் புன்னகை செய்தாள். பிறகு, "எத்தனை வருஷம் இருப்பீர்கள்?" என்று கேட்டாள்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். அதை நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசிக் கொண்டது கிடையாது. "இரண்டு" என்றாள் மனைவி. அந்த விடையோடு பள்ளிக்கூடமும் முடிவாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் திரும்புகிற குழந்தைக்குப் பிரெஞ்சில் சரித்திரமும் பூகோளமும் எதற்கு?

ஆகஸ்டு கடைசியில் பள்ளி திறந்தது. முதல் மூன்று மாதம் எங்கள் பெண் அங்கே வாயே திறக்கவில்லை என்று ஆசிரியை சொன்னாள். ஆங்கிலம் தெரியாமல் அல்ல. ஊரில் அவள் படித்தது பரீட்சை எழுதுகிற ஆங்கிலம். சண்டை போடவும் கேலி செய்யவும் வேறு ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மிகவும் யோசனையோடு வந்தாள்.

"அப்பா, எங்க டீச்சருக்கு விடையே தெரியாது போலிருக்கு. எதைக் கேட்டாலும், 'நீ என்ன நினைக்கிறே?'ன்னு என்னையே கேக்கறாங்க!"

பல தேச விழா என்று ஒன்று நடத்தினார்கள். பட்டுப் பாவாடை கட்டிக் கொண்டு போனாள். ஒவ்வொரு தேசமும் ஓர் உடை, ஒரு தின்பண்டம் என்று அணிவகுத்து நின்றது. நம் தேசத்துக்கு முறுக்கு. எனக்கு இந்த மாதிரி விழாக்களில் அவ்வளவு பக்தி இல்லை. ஆனால் முறுக்கு முதலில் தீர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

தை மாதத்துக்குள் ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள். டென்மார்க் தேசத்துப் பெண். இரண்டு பேரும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் மாறி மாறிக் கதை எழுதினார்கள். ஜூன் மாதம் அந்தக் குடும்பத்துக்கு வேறு தேசத்துக்கு மாற்றலாயிற்று. பள்ளியில் போகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு விடையளிப்பு நடத்தினார்கள். அந்தக் காரியத்தை அவர்கள் எவ்வளவு திறமையாகச் செய்தார்கள் என்பதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. பிரிவைப் பாடத் திட்டத்திலேயே சேர்த்துவிட்ட பள்ளிக்கூடம்!

அமெரிக்க சமூகவியல் அறிஞர் ரூத் ஹில் யூசீம் 1950-களில் இந்தியாவுக்கு வந்து, இங்கே வசித்த அமெரிக்கர்களை ஆராய்ந்தவர். தாய் தந்தையின் பண்பாடும் சொந்தமாகாமல், இருக்கிற ஊரின் பண்பாடும் சொந்தமாகாமல், நடுவே மூன்றாவதாக ஒன்றில் வளரும் குழந்தைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அறிஞர்கள் பெயர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் பாதிக் கதையை என்ன செய்வது என்று சொல்வதில்லை.

அடுத்த ஆகஸ்டில் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். "பேசினாயா?" என்று கேட்டேன். "கேட்டேன் அப்பா. ஆறு மாசந்தான் இருப்பாளாம்" என்று சொல்லிவிட்டு எங்கள் பெண் பால் குடிக்கப் போய்விட்டாள்.

ரயில் நிலையத்தை அடுத்துப் பாக்கி என்று ஒரு பேட்டை. (கடன்காரர்கள் பயப்பட வேண்டாம், அது பிரெஞ்சுப் பெயர்.) அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில்தான் எங்களுக்குப் புளியும் கறிவேப்பிலையும். 1983 கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவரும் அப்படி வந்தவர். பள்ளிக்கூடப் பேச்சு வந்தபோது கூச்சத்தோடுதான் சம்பளத் தொகையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் திரும்பிப் போற ஆக்கள், அண்ணை. உங்களுக்கு அது சரி. எங்கட பிள்ளையள் இங்கத்தைப் பள்ளிக்கூடந்தான். வேற எங்கை போறது?" என்றார்.

சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ் வகுப்பைச் சொன்னவரும் அவர்தான். எங்கள் பெண்ணைக் கொண்டு போய் விட்டேன். பாடப் புத்தகம் அவளுக்கு மிகவும் சுலபம். இரண்டாவது வாரமே, "அப்பா, உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று ஆரம்பித்தாள். எனக்கு ஏக சந்தோஷம். ஆனால் அவள் கதைக்க வந்த விஷயம் வேறு.

"வகுப்பு முடிஞ்சு விளையாடப் போனா எல்லாரும் பிரெஞ்சிலதான் பேசறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலே. ஓரமா உக்காந்திருக்கேன்."

வகுப்பில் அவளைத் தவிர எல்லோருக்கும் தமிழ் தடுமாறியது. மைதானத்தில் அவள் ஒருத்திதான் ஊமை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் தெரிந்த குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது! இத்தனைக்கும் சர்வதேசப் பள்ளியில் பிரெஞ்சு ஒரு பாடமாக உண்டு. நல்ல மதிப்பெண்ணும் வாங்கிக் கொண்டிருந்தாள். பாடமாகப் படித்த பாஷையில் பந்து கேட்க முடிவதில்லை.

அந்த வருஷக் குளிர்காலத்தில் மனைவியின் ஒப்பந்தத்தை மேலும் மூன்று வருஷத்துக்கு நீட்டினார்கள். மறுபடியும் விண்ணப்பங்களைப் பரப்பிக் கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு வருஷத்துக்கு அந்தப் பள்ளி சரியான பள்ளிதான். இன்னும் நூறு முறை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஐந்து வருஷம் என்பது வேறு கணக்கு. மனைவி தயங்கினாள். "நாளைக்கே ஊருக்குத் திரும்பும்படி ஆச்சுன்னா? இங்கிலீஷ் போயிடுமே. பன்னிரண்டு வயசுக்கு மேலே புது பாஷையிலே விஞ்ஞானம் படிக்கிறது விளையாட்டா?" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட மறுக்க என்னால் முடியவில்லை. மூன்று வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் பெண்ணையே கேட்டோம்.

"புது ஸ்கூல்ல இருக்கிறவங்க எத்தனை வருஷம் இருப்பாங்க?" என்று அவள் கேட்டாள்.

"அவங்க இந்த ஊர்க்காரங்க அம்மா. எங்கேயும் போக மாட்டாங்க."

"அப்ப அங்கே சேக்கிறீங்களா?"

சேர்த்தோம். வீட்டிலிருந்து ஏழு நிமிஷ நடை. இங்கே மதிப்பெண் ஆறுக்குத்தான். நான்கு வாங்கினால் தேர்ச்சி. முதல் பிரெஞ்சு டிக்டேஷன் தாளை அவள் எங்களிடம் காட்டவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் என் தாயாரிடம் தொலைபேசியில் தானே சொல்லிக் கொண்டிருந்தாள்.

"மூணரை, பாட்டி."

"நூத்துக்கா?"

"இல்லே பாட்டி, ஆறுக்கு."

"பாஸா, பெயிலாடி?"

"இன்னும் அரை வேணும் பாட்டி" என்றாள் அவள். வாசலில் யாரோ ஒரு பெண் பிரெஞ்சில் அவளைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள்.