ஆனியா, மார்கழியா?

தமிழ் இணைய மாநாடு மறுபடி கோவைக்கு வருமானால் எந்த வாரத்தில் வைப்பது? மேசையில் தினசரி காலண்டர், பாம்புப் பஞ்சாங்கம், பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைப் பட்டியல். ஒன்றில் தோதாகத் தெரிகிற வாரம் அடுத்ததில் அடிபட்டுப் போகிறது. பென்சிலால் அடிக்கிறேன், ரப்பரால் அழிக்கிறேன்.

*

2018இல் இந்த மாநாடு கோவையில் நடந்த தேதிகளை அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஜூலை 6, 7, 8. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். வெள்ளி, சனி, ஞாயிறு. ஆனி மாதக் கடைசி, ஆடி பிறக்க ஒரு வாரத்துக்குமேல் இருந்தது. அமெரிக்காவில் ஜூலை 4 விடுமுறை, அந்த ஆண்டு அது புதன்கிழமை. அன்றே விமானம் ஏறினால் வெள்ளி காலை இங்கே வந்து சேரலாம், ஆபீசில் கேட்க வேண்டிய லீவு குறையும். பிள்ளைகளுக்கும் அங்கே கோடை விடுமுறை. இங்கே கல்லூரி திறந்த புதிது, தேர்வு நெருக்கடி கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் மிகப் பெரியது. மாநாட்டை நடத்தும் உத்தமம் அமைப்பு 2000இல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. மாநாட்டு நாளில் பதிவு மேசையில் உட்காருவதும், அரங்கத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ரயிலடிக்கு வண்டி எடுத்துப் போவதும் மாணவர்கள். நவம்பர், டிசம்பரிலோ ஏப்ரல், மே மாதத்திலோ வைத்தால் அந்தப் பிள்ளைகளிடம் செமஸ்டர் தேர்வை விட்டுவிட்டு வா என்று கேட்பதாகிவிடும். அப்படிக் கேட்க நமக்கு உரிமையில்லை.

*

அடித்துவிட்ட மாதங்கள்:

மே. ஊட்டி சீசன். மேட்டுப்பாளையம் சாலையில் எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டவே நேரம் பிடிக்கும், கோவையில் ரூமும் விலை ஏறும்.

தை. பொங்கல் போனால் தைப்பூசம். மருதமலைக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் வழியில்தான் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதே நாளில் மலேசியத் தமிழர்கள் பத்துமலையில் இருப்பார்கள், அவர்களை எதிர்பார்க்க முடியாது.

மாசி. மகா சிவராத்திரியை ஒட்டி வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கு வருகிற கூட்டத்தில் விமான டிக்கெட்டும் ஓட்டலும் கைக்கு எட்டாது.

நவம்பர். தேர்வு, வடகிழக்குப் பருவமழை. 27ஆம் தேதி மாவீரர் நாள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற ஈழத்து நண்பர்களை அந்த வாரத்தில் கூப்பிடவே கூடாது.

*

2010 செம்மொழி மாநாட்டின் கதையைத் தேதிக்காகவே படிக்க வேண்டும். முதலில் உலகத் தமிழ் மாநாடாக, 2010 ஜனவரியில் கோவையில் நடக்கும் என்று 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் நொபோரு கராஷிமா, ஆய்வாளர்கள் கட்டுரை தயாரிக்க இந்த அவகாசம் போதாது என்றார். அரசு ஜூனுக்குத் தள்ளியது. அதுவும் போதாது, 2010 கடைசியிலோ 2011 ஜனவரியிலோ வைக்கலாம் என்பது அவர் நிலை. 2011இல் சட்டமன்றத் தேர்தல் காத்திருந்தது. முடிவில் மன்றத்தின் பெயரில்லாமல், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடாக, ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நடந்தது. ஒன்பதாவது தமிழ் இணைய மாநாடும் அதோடு சேர்ந்தே நடந்தது.

கராஷிமா கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். கட்டுரைச் சுருக்கம், மதிப்பீடு, முழுக் கட்டுரை, திருத்தம் என்று வரிசையாகச் செய்தால் ஓராண்டு சட்டென்று ஓடிவிடும். அவகாசத்தைச் சுருக்கினால் பழைய கட்டுரைக்குப் புதுத் தலைப்பு வைத்துக் கொண்டுவருவார்கள்.

*

தன்னார்வலர்கள் நடத்தும் இன்னொரு மாநாடு, டெபியன் மென்பொருள்காரர்களின் டெப்கான்ஃப். 2023இல் கொச்சியில், செப்டம்பர் 10 முதல் 17 வரை. டெபியன் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் கூடுகிறவர்கள். அடுத்த ஆண்டு பூசானில் ஜூலை 28இல் தொடங்கினார்கள், அதற்கடுத்து பிரெஸ்ட் நகரில் ஜூலை 14இல். ஜூலையில் கொச்சி என்றால் கொட்டும் மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது காற்றும் சாரலும்தான், வெளியூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கோவையில் இல்லை. கொச்சி மாநாடு தொடங்கியபோது ஓணம் முடிந்து பத்து நாளுக்குமேல் ஆகியிருந்தது. ஆனால் தொடக்க நாளிலேயே டெல்லியில் ஜி20 உச்சி மாநாடு. அப்படி ஒன்று வந்து மோதும் என்று முன்கூட்டி எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்க்க முடியாது.

*

விசா. வெளிநாட்டவர் கலந்துகொள்ளும் மாநாட்டுக்கு உள்துறை, வெளியுறவுத் துறை இரண்டின் இசைவும் வாங்க வேண்டும். தேதியும் இடமும் உறுதியாகாமல் அந்த விண்ணப்பத்தை நகர்த்த முடியாது. அமெரிக்கத் தமிழர் பலர் ஓசிஐ அட்டையோடு வந்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் கட்டுரை படிக்க வருகிற மாணவருக்கு விசா வேண்டும். தேதியை அறிவிக்கத் தாமதித்தால் அடிபடுவது அந்த மாணவர்தான்.

*

மண்டபக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "ஆடியில வெச்சுக்குங்க தம்பி. கல்யாணம் காச்சி இல்லீங்க, வாடகையும் பாத்துச் செய்யலாம்." சரிதான். ஆனால் மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் ஆடிக்குண்டத்துக்கு எங்கள் ஊர்ச் சாலை நிறைந்துவிடும். ஜூலையில் கொடிசியாவில் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சி வேறு, அந்த நாட்களில் நகரத்தில் ரூம் கிடைப்பது சிரமம். வாடகை மிச்சமாவது நல்லதுதான், தங்க இடமில்லாமல் அது உதவாது.

*

தமிழ் இணைய மாநாடு, சிங்கப்பூர் 2015: மே 30, 31, ஜூன் 1. சனி, ஞாயிறு, திங்கள். திங்கள் விசாக தினப் பொது விடுமுறை, பள்ளிகளுக்கும் ஜூன் விடுமுறை தொடங்கியிருந்தது. ஆசிரியர்கள் ஒரு நாள்கூட லீவு போடாமல் மூன்று நாளும் உட்காரலாம். இப்படித் தேதி பொருத்தியவரைப் பாராட்ட வேண்டும்.

டொரொன்டோ 2017 ஆகஸ்ட் 25இல் தொடங்கியது, அன்று விநாயகர் சதுர்த்தி. எல்லாருக்கும் பொருந்துகிற மூன்று நாள் கிடைக்கவே கிடைக்காது.

*

மார்கழி பக்கமும் நியாயம் உண்டு. சிதம்பரத்தில் 2012இல் டிசம்பர் 28 முதல் 30, தஞ்சாவூரில் 2022இல் டிசம்பர் 15 முதல் 17. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரத் திட்டமிடுகிற காலம், அம்மா அப்பாவையும் பார்த்துவிட்டு மாநாட்டுக்கும் வரலாம். ஆனால் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும், கைக்காசு போட்டு வருகிறவர்களுக்கு அது சுமை.

என் ஓட்டு ஆனிக்கே. ஜூலை முதல் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு. முந்தின ஆண்டு ஆனியிலேயே அறிவித்துவிட வேண்டும். அதற்குமுன் கேட்க வேண்டிய ஆட்கள் மூன்று பேர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கொடிசியாவில் தேதி ஒதுக்குகிறவர், மாணவர் விடுதிக் காப்பாளர். விடுதிக் காப்பாளரிடம் முதலில் போக வேண்டும். ஓட்டலுக்குக் காசில்லாதவர்கள் தங்கப்போவது அங்கேதான்.