மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

விமானங்களுக்குப் பிரயாணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் டிஸ்பாட்ச் உத்தியோகத்திலேயே என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது என்பதை அறிந்த மயிலாப்பூர்வாசிகள், இன்ன ஊருக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்பது வழக்கம். தூரத்தைச் சொல்வது சுலபம். நேரத்தைச் சொல்வதில்தான் எங்கள் தொழிலின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்திருப்பதால், யந்திரம் எதுவுமின்றி மனக்கணக்காகவே தூரத்தைக் கண்டுவிடலாம். அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பது மாலுமிகளின் பழைய பிரமாணம், இடைப்பட்டது 3.2 பாகை; ஆகவே 192 கடல் மைல், அதாவது சுமார் 355 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது முக்கால் மணிக்கும் குறைந்த வேலை. ஆனால் கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணி என்றோ, அதற்குச் சற்று அதிகமாகவோ போட்டிருக்கும்.

அட்டவணை காட்டுவது 'பிளாக் டைம்': சக்கரத்துக்கு இட்ட கட்டையை இங்கே எடுத்த கணம் முதல் அங்கே மறுபடி இடும் கணம் வரை உள்ள காலம். ஓடுபாதை வரை ஊர்வதும், முறைக்காகக் காத்திருப்பதும், மந்தமாக மேலேறுவதும் அதில் சேர்த்தி. சென்னையில் பருவக்காற்றும் இதில் ஒரு பங்குதாரர். தென்மேற்குக் காற்றின் காலத்தில் விமானங்கள் கடற்புறமிருந்து மந்தைவெளி, கோட்டூர்புரம் மார்க்கமாகத் தாழ்ந்து வந்து இறங்குவதையும், வடகிழக்குக் காற்றின் காலத்தில் அதே வானத்தில் மேலேறிக் கடலை நோக்கிச் செல்வதையும் அடையாறுவாசிகள் கவனித்திருப்பார்கள். தெற்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கிலோ கிழக்கிலோ கிளம்பிப் பிறகே திரும்ப வேண்டியிருப்பதால் சில நிமிஷங்கள் அங்கே போய்விடுகின்றன. உயரத்தில் வேறொரு நஷ்டம் உண்டு. பக்கவாட்டில் வீசும் காற்றை எதிர்த்து மூக்கைச் சற்றே திருப்பிவைத்துப் பறக்கும் விமானம் போகும்போதும் வேகம் இழக்கிறது, வரும்போதும் இழக்கிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் மார்க்கத்திலாவது, ஒரு திசையில் பிடுங்கியதைக் காற்று மறுதிசையில் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்த நிமிஷங்களெல்லாம் எரிபொருளாக மாறுகின்றன. போய்ச் சேர்வதற்கு, எதிர்பாராததற்கு, இறங்க முடியாவிட்டால் திருச்சி போன்ற மாற்று நிலையத்தை அடைவதற்கு, அதற்கும் மேல் அரைமணி நேரம் வானில் வட்டமிடுவதற்கு என்று கணக்கிட வேண்டும். அவசியத்துக்கு மிஞ்சி ஏற்றிய எரிபொருளின் பாரத்தால் யாரோ ஒருவருடைய பெட்டி பின்தங்க நேரலாம் என்பதை நினைக்காமல் எழுதும் கணக்கை நான் நல்ல கணக்கென்று ஒப்புக்கொள்வதில்லை.

இம்மார்க்கம் புதிதன்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் 'சீதா தேவி' என்ற டக்கோட்டா, ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்கு வந்தது. அதுவே அந்நிறுவனத்தின் முதல் பிரயாணம். பின்னர் யுத்தம் வந்தது. 2019 நவம்பரில் மறுபடி தொடங்கி, தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் சேவை திரும்பும் வரை, தியாகராய நகரில் கல்யாணப் புடவை வாங்க வந்த யாழ்ப்பாணத்துத் தாய்மார்கள், சுமார் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே தரைவழியாகத் திரும்பி வந்து வீடு சேர்ந்தார்கள்.