உப்புக்குச் சப்பாணி

கடையில் எந்த விளையாட்டுப் பெட்டியை எடுத்துப் பார்த்தாலும் ஒரு ஓரத்தில் வயது போட்டிருக்கும். ஊனோ சீட்டுக்கட்டில் 7 வயது முதல் என்று இருக்கும். சிலவற்றில் 3 இருக்கும், சிலவற்றில் 8, சிலவற்றில் 14. ஆனால் '4, 7, 9, 12, 14 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும், கூட 71 வயது ஆச்சி ஒருவருக்கும்' என்று போட்ட பெட்டியை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இந்த மே மாதம் எனக்குத் தேவைப்பட்டது அந்தப் பெட்டிதான்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பம் சென்னை, பெங்களூரு, மஸ்கட் என்று சிதறிக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் இரண்டு வாரம், எல்லாரும் தென்காசிப் பக்கம் இருக்கும் ஆச்சி வீட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்குப் பேசத் தீராத கதைகள் உண்டு. பிள்ளைகளை மேய்க்கும் வேலை காலேஜ் படிக்கிற எனக்கு. (சம்பளம் கிடையாது. முறுக்கு உண்டு.)

பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. பிற்காலத்தில் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். வயதையே பெயராக வைத்துக்கொள்வோம். நாலு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு.

இந்த வருஷம் எனக்கு ஒரு அவசரம் இருந்தது. பதினாலு இப்போது பத்தாம் வகுப்புக்குப் போகிறான். பத்தாம் வகுப்பு என்றால் என்ன என்பது தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, நுழைவுத் தேர்வு, கல்லூரி. இனிமேல் அவன் மே மாதத்தில் ஊருக்கு வருவது சந்தேகம்தான். ஐந்து பேரும் ஒரே முற்றத்தில் இருக்கும் கடைசி மே இதுவாகவே இருக்கலாம். அவனோ திண்ணையில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதல் நாள் பரமபதம் எடுத்தோம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆச்சி வைத்திருக்கும் பழைய படம். பரமபதத்தில் நாலும் பதினாலும் சமம், ஏனென்றால் அதில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும், பாம்பு கடித்தால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே நாலுக்கு அது சொர்க்கம். பதினாலு பத்தே நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். செஸ் போட்டால் கதை தலைகீழ். பதினாலு எல்லாரையும் தோற்கடிப்பான், ஏழு அழுவான், நாலு குதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள்.

அதிர்ஷ்டம் மட்டும் என்றால் பெரியவர்களுக்குச் சலிப்பு. திறமை மட்டும் என்றால் சின்னவர்களுக்கு அழுகை. இரண்டும் கலந்தது வேண்டும். நம் வீடுகளில் அதற்கென்றே ஒன்று இருக்கிறது: தாயம்.

இங்கே என் படிப்பைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் (நான் புள்ளியியல் மாணவி). எங்கள் வீட்டுத் தாயக்கட்டை பித்தளை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், பக்கங்களில் 0, 1, 2, 3. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். கூட்டினால் ஒன்று வருவது இரண்டே விதத்தில். ஆக, எல்லாப் பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. பத்துத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் இருக்க நாலில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு! தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது. அதாவது, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அரைமணி நேரம் அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம். பிள்ளைகள் தோற்பதற்காக அழுகிறார்கள் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அவர்கள் அழுவது காத்திருக்க முடியாமல்தான்.

ஆச்சிக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் விடை தெரிந்திருந்தது. "ஏட்டி, சின்னப் பிள்ளைக்கு எதுக்குத் தாயம்? அது காய முதல்லயே உள்ள இறக்கிரு. பெரிய பயலுக உருட்டட்டும்" என்றார். அவ்வளவுதான் மாற்றம். வெட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். ஏழின் காயைப் பதினாலு வெட்டலாம், பதினாலின் காயை ஏழும் வெட்டலாம். வெட்டினான்! அன்றைக்குச் செல்போன் சாயங்காலம் வரை திண்ணையிலேயே கிடந்தது.

இது ஏமாற்று இல்லையா என்று ஒன்பது கேட்டாள் (எதையும் சட்டப்படி பேசுகிறவள்). இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொன்னேன். சீனாவில் பிறந்து ஜப்பானிலும் கொரியாவிலும் கொண்டாடப்படுகிற 'கோ' என்ற கல் ஆட்டத்தில், பலம் குறைந்தவர் தொடங்கும்போதே இரண்டிலிருந்து ஒன்பது கல் வரை பலகையில் முன்கூட்டி வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த மனிதர்களே அப்படி ஆடுகிறார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு சலுகை கிடையாது. தொடங்குவதற்கு முன் கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் சலுகை இல்லை, விதி.

நிற்க. இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது.

எங்கள் தலைமுறையில் நான்தான் கடைக்குட்டி. என் அண்ணன்மார்களும் அக்காமார்களும் ஓடிப்பிடித்து விளையாடும்போது என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். 'உப்புக்குச் சப்பாணி' என்று. ஒப்புக்குச் சப்பாணி என்பதுதான் சரி என்பார்கள், எங்கள் பக்கம் உப்புதான். நடக்க முடியாதவரைக் குறிக்கும் அந்தச் சொல்லே இன்றைக்கு உறுத்துகிறது. அது தனிக் கட்டுரை. அதன் அர்த்தம், ஓடலாம், கத்தலாம், ஆனால் உனக்கு அவுட் கிடையாது. இது ஒரு பெரிய மரியாதை என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆறு வயதில் ஒரு நாள் மூன்று பேரை ஓடிப்போய்த் தொட்டேன். ஒருவர்கூட அவுட் ஆகவில்லை. ஆட்டம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் அவுட் ஆகாதது மட்டுமல்ல, என்னால் யாரும் அவுட் ஆக மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அதனால் இந்த மே மாதம் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். நம் வீட்டில் உப்புக்குச் சப்பாணி கிடையாது. ஆட்டத்தில் இருந்தால், கணக்கில் இருக்க வேண்டும்.

சொல்வது சுலபம். நாலு வயதுப் பிள்ளையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அமெரிக்காவின் மினசோட்டாவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சின்னஞ்சிறுசுகள் தனியாகவோ, இன்னொரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கோ விளையாடுகின்றன. சேர்ந்து, ஒரு நோக்கத்தோடு விளையாடுவது வயது ஏற ஏறத்தான் கூடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இதைப் படித்த பிறகு எனக்குப் பாதி பாரம் குறைந்தது. நாங்கள் பல்லாங்குழி ஆடும்போது நாலுக்கு ஒரு கிண்ணம் புளியமுத்தும் ஒரு பழைய இட்லித் தட்டும் கொடுத்தோம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழிக்குழியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது போதும், எல்லா நேரமும் இல்லாவிட்டாலும்.

ஆடு புலி ஆட்டம் இன்னொரு வழி காட்டியது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டத்திலேயே இரண்டு பக்கமும் சமம் இல்லை. பதினாலு ஒற்றை ஆளாகப் புலி. ஏழும் ஒன்பதும் பன்னிரண்டும் சேர்ந்து ஆடு. ஒரு ஆட்டை நகர்த்துவதற்கு முன் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு குசுகுசுவென்று மாநாடு நடத்துவார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த ஏழுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். பாட்டுக்குப் பாட்டு, பேர்-ஊர்-பூ-காய் எல்லாவற்றிலும் அவன் ஒதுங்கி நின்றான். ஆட்டு மாநாட்டில் விரலால் காட்டினாலே போதும். மூன்றாம் நாள் "இங்க வைக்காத, புலி தின்னுரும்" என்று சுத்தமான தென்காசித் தமிழில் கத்தினான். அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சின்னவர்களுக்கு எதைக் குறைக்கலாம் என்றே தேடிக்கொண்டிருப்பதைவிட, சின்னவராக இருப்பதே லாபமான ஆட்டம் எது என்று தேடலாமே! ஐந்தாங்கல்லில் ஆச்சிதான் ராணி, எங்கள் யார் கையும் அவர் கைக்கு ஈடில்லை. ஐஸ்பாயில் நாலுதான் ராணி. அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பதினாலின் கால்கூட நுழையாது. தேடுகிறவர் கவனிக்காத நேரம் பின்னால் வந்து முதுகில் தட்டிவிட்டால், அவரே மறுபடியும் தேட வேண்டும். முழங்கால் உயரத்தில் ஓடி வருகிறவளை யார் கவனிப்பார்கள்? பன்னிரண்டு தொடர்ந்து மூன்று தடவை தேடினாள்.

இதுவரை சேர்ந்ததைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

1. காத்திருக்கும் நேரம் குறைவான ஆட்டமாக எடுங்கள்.
2. சலுகையை ஆட்டம் தொடங்குமுன் கொடுங்கள், எல்லார் முன்னாலும் சொல்லிக் கொடுங்கள்.
3. ரொம்பத் திறமையான ஒருவரை எதிர்த்து மற்ற எல்லாரையும் கூட்டணி சேருங்கள்.
4. தினமும் ஒரு ஆட்டமாவது, சின்னவர் நிஜமாகவே ஜெயிக்கக் கூடியதாக இருக்கட்டும்.
5. அதே ஆட்டத்தில் அவர் நிஜமாகவே தோற்கவும் முடிய வேண்டும்.

ஐந்தாவதைத்தான் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சப்பிள்ளையை எதுக்கு அழ வைக்க?" என்றார் சித்தி.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஐஸ்பாயில் முதல் ஆளாக மாட்டியது நாலு. உதடு பிதுங்கியது. பன்னிரண்டு ஓடிவந்து, "பாப்பாவுக்குப் பதிலா நான் தேடுறேன்" என்றாள். நாலு அவளைத் தள்ளிவிட்டாள். "நான்தான் அவுட்டு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு தூணில் முகம் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.

"ஒன்னு, ரெண்டு, மூணு, ஏழு, பத்து!"

பதினாலு அப்போதுதான் கிணற்றடிக்குப் பாதி தூரம் போயிருந்தான்.