அஞ்சடி

எங்கள் வாடகை வீட்டின் முன்புறத்தில் கார் நிறுத்தக் கூரை போட்ட இடம் உண்டு; கார்தான் இல்லை. அங்கே அப்பாவின் மோட்டார் சைக்கிளும் பாட்டியின் நாற்காலியும் நின்றன. காப்பார்ப் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பாட்டி, அவ்விடத்தை ‘அஞ்சடி’ என்றே சொல்வார். லயத்து அஞ்சடியில் அமர்ந்து கீரை ஆய்ந்த பழக்கம் தாமானுக்கு வந்த பிறகும் போகவில்லை.

அதை அடைத்து அறையாக்கலாம் என்று சொன்னவள் நான்தான். “பாட்டிக்கென்று ஓர் அறை வேண்டாமா?” என்று அப்பாவிடம் கேட்டேன். உண்மை வேறு. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் பாட்டியும் நானும் ஓர் அறையில் இருந்தோம். இரவு 10 மணிக்கு அவர் விளக்கை அணைக்கச் சொல்வார். என் இறுதியாண்டு ஆய்வேடு அப்பொழுதுதான் தொடங்கும்.

வீட்டுக்காரர் சம்மதித்தார். ஊராட்சி மன்ற அனுமதிக்குத் தம் பெயரிலேயே விண்ணப்பித்தார். செலவு எங்களுடையது, வீட்டைக் காலி செய்யும்போது எதையும் பெயர்த்துச் செல்லக் கூடாது.

“அடுத்தவர் வீட்டுக்கு நாம ஏம்மா சுவர் வைக்கணும்?” என்று அப்பா முணுமுணுத்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. மழைநீர் வெளியே ஓடுவதற்காகத் தரை வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வாட்டத்தைச் சிமெண்டால் நிரவி மட்டம் பார்த்தார். இரும்புச் சட்டம் நிறுத்திப் பலகை அடித்தார்.

என் பங்குக்கு நான் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்களை மலாயில் படித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது சன்னல் வேண்டும். 5 விழுக்காடாவது காற்று வரத் திறக்க வேண்டும். எங்கள் அறை 80 சதுர அடி. எனவே 8 சதுர அடியில் இழுவைக் கண்ணாடிச் சன்னல், பாதி திறக்கும். தமிழ்ப்பள்ளியில் கற்ற பரப்பளவுக் கணக்கு கைகொடுத்தது என்று பெருமைப்பட்டேன்.

கணக்கில் வராதவை பிறகு தெரிந்தன. கூடத்தின் சன்னல் இப்போது புதிய அறைக்குள் திறந்தது. பகலிலும் கூடத்தில் விளக்கெரிந்தது. மீந்த இடத்தை மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டது. பாட்டியின் நாற்காலி அறைக்குள் வந்தது. சன்னலோ நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் வானம் மட்டுமே தெரியும்.

பாட்டி குறை சொல்லவில்லை. ஒரு நாள் மாலை, “காய்கறி வேன் வந்துட்டுப் போயிருச்சாம்மா?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு வந்தவர் அவர். முதல் அஞ்சடியை நிர்வாகம் எடுத்துக்கொண்டது. இரண்டாவதை அவர் பெயரைச் சொல்லியே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். “பாட்டி அறை கேட்கலப்பா. எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு.”

அப்பா திட்டவில்லை. அடுத்த ஞாயிறு, பலகையை அறுத்துச் சன்னலை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டார். நாற்காலியை அதன் முன் போட்டேன். சாலை தெரிந்தது.

கூடத்தில் இன்னமும் பகலில் விளக்கெரிகிறது. எனக்கு ஒரு மேசை கிடைத்துவிட்டது. பாட்டி அந்த அறையை அறை என்று சொல்வதில்லை. யாராவது தேடினால், “அஞ்சடியிலதான் இருக்கேன்” என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறார்.