கலவானை மலைச்சாரலில் ஒரு கணினி

இரத்தினபுரி என்றதும் மாணிக்கத்தை நினைப்பவர் பலர். அம்மாவட்டத்தின் தென்பகுதியில் மழையும் பசுமையும் குடிகொண்ட கலவானையை நினைப்பவர் சிலரே. நிவித்திகல வழியாகப் பஸ்ஸில் செல்வோர்க்கு அப்பாதை கண்ணுக்கு விருந்து. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் இறப்பர், இடையிடையே வயல்நடுவில் ஓலைக்கூரை வேய்ந்த மாணிக்கக் குழிகள். அப்பால், 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிங்கராஜ வனம் கருநீலமாய்த் தோன்றும். இவ்வனப்புக்குக் காரணமான மழையே ஊரின் துன்பத்துக்கும் காரணம். 2017ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் இவ்வூரார் இன்னும் மறந்திலர்.

இத்தகைய ஊருக்கு நாம் சென்றது வனத்தைக் காண்பதற்கன்று. ஒரு பழைய கணினிக்குப் புதிய உறுப்புப் பொருத்துவதற்கு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். நம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவன் ஒருவனின் வீடு, கலவானைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் இருக்கிறது. தந்தையார் பால் வெட்டுகிறார். தாயார் கொழுந்து பறிக்கிறார். கொழும்பில் கடையொன்றில் வேலைபார்க்கும் தமையன், யாரோ விளையாடித் தீர்த்த கணினியொன்றை மலிவாக வாங்கித் தம்பிக்கு அனுப்பியிருந்தான். மூளை இன்டெல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. கிராபிக்ஸ் கார்டோ 2012இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 650. அதன் நினைவகம் 1 ஜிபி மாத்திரமே. கிரிக்கெட் விளையாட்டு தடுமாறி ஓடியது. மாணவன் விரும்பிக் கற்கும் 'பிளெண்டர்' என்னும் இலவச முப்பரிமாண வரைகலைச் செயலியோ அடிக்கடி நின்றுபோயிற்று.

புதிய கார்ட் வாங்கத் தாயார் தம் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என அரசு விதித்தது 2021ஆம் ஆண்டிலேதான். அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்! அத்தகைய உழைப்பில் சேர்ந்த பணம் அது. நாம் திண்ணையில் அமர்ந்ததும் தந்தையார் தயக்கத்துடன் கேட்டார்:

"சேர், வெளையாடுற பொட்டிக்கு இம்புட்டுக் காசு போடலாமுங்களா?"

நியாயமான கேள்வி. அதற்கு விடைகூறாமல் திருப்புளியைக் கையிலெடுப்பது முறையன்று.

"அண்ணே, தோட்டத்துக் கணக்கை எழுதக் கணக்கப்பிள்ளை நாலுபேர் போதும். மலை முழுவதும் கொழுந்து எடுக்க நாலுபேர் போதுமா?" என்றோம்.

"அது எப்புடிங்க? நெரைக்கு ஒரு ஆளாச்சும் வேணுமே!"

அதுவே இதன் சூட்சுமம். கணினியின் மூளைக்குள் இருக்கும் நான்கு கருக்கள் நான்கு கணக்கப்பிள்ளைகள். சிக்கலான கணக்கை ஒவ்வொன்றாகச் செய்து முடிப்பவை. திரையில் தோன்றும் ஒரு படமோ இலட்சக்கணக்கான புள்ளிகளாலானது. ஒவ்வொரு புள்ளிக்கும் எளிய கணக்கு ஒன்றுண்டு. அவை யாவும் ஒரே கணத்தில் முடியவேண்டும். நிரை நிரையாக நின்று கொழுந்தெடுப்பார் போல, கிராபிக்ஸ் கார்டின் நூற்றுக்கணக்கான சிறு கணிப்பான்கள் அவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் 'ஜீபோர்ஸ் 256' என்னும் சில்லை வெளியிட்டது விளையாட்டுப் பிரியர்களுக்காகவே. இன்றோ அதே வகைச் சில்லுகள் வீடமைப்புப் படம் வரையவும், திரைப்படம் தொகுக்கவும், செயற்கை நுண்ணறிவுக்கும் பயன்படுகின்றன. பெட்டி ஒன்று, அது செய்யும் வேலை பல.

எந்தக் கார்டை வாங்குவது என்பதிலும் விவேகம் வேண்டும். மாணவன் ஆசைப்பட்டது பெரியதொரு கார்டை. ஆயின் அப்பெட்டியின் மின்வழங்கி பழையது, சிறியது. தாய்ப்பலகையின் துளை வழியாக ஒரு கார்ட் பெறக்கூடிய மின்வலு 75 வாட். அதற்குமேல் வேண்டுமாயின் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு முனைச் செருகி 75 வாட்டும், எட்டு முனைச் செருகி 150 வாட்டும் தரும். தாங்கமாட்டாத மின்வழங்கியின்மேல் பெரும் பாரத்தை ஏற்றினால் பெட்டி திடீரென அணைந்துபோகும். தரங்குறைந்ததாயின் மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடும். சீட்டுப் பணத்துடன் கணினியும் போய்விடும்.

ஆகவே 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளையே ஆராய்ந்தோம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவு. ஆனால் அத்தலைமுறைக்கான விளையாட்டு இயக்கிகளைப் புதுப்பிப்பதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 896 கணிப்பான்களும் 4 ஜிபி நினைவகமும் உடையது. அதிலும் தனிச் செருகி வேண்டும் வகையும் வேண்டாத வகையும் உண்டு. பின்னையதே நமக்குத் தக்கது. தமையன் கொழும்பு, பம்பலப்பிட்டிக் கடைகளில் தேடி, ஒருமுறை பாவித்த கார்டொன்றை வாங்கியிருந்தான். இரத்தினபுரியார் கல்லை நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல, பாவித்த கார்டை ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டுச் சூட்டையும் விசிறியின் ஓசையையும் கவனித்தே வாங்கவேண்டும். அவனும் அவ்வாறே செய்திருந்தான்.

மின்னிணைப்பைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, பெட்டியைத் திறந்தோம். உள்ளே தூசியும், பல்லி முட்டையின் ஓடுகளும்! கலவானையின் ஈரத்தில் படியும் தூசி கெட்டியான படலமாகிவிடுகிறது. தூரிகையால் அதனைத் துடைத்தபின், துளையோரத்துக் கொக்கியை விடுவித்து, மாணவனே பழைய கார்டை எடுத்துப் புதியதைப் பொருத்தினான். திரைக்குச் செல்லும் கம்பியையும் கார்டிலேயே மறவாது செருகினான். பெட்டி உயிர்பெற்றது. குடும்பம் முழுவதும் மூச்சடக்கி நின்றது.

அவன் முதலில் திறந்தது கிரிக்கெட்டையன்று. பல மாதங்களாக வரைந்துவந்த ஒரு வீட்டை. இரண்டு அறை, சமையற்கட்டு, முன்னால் ஒரு துளசிமாடம். 2015ஆம் ஆண்டுக்குப் பின் மலையகமெங்கும் பேசப்பட்ட 7 பேர்ச் காணிக்குள் அடங்கும் அளவு. முன்னர் அசைய மறுத்த அப்படம் இப்போது தடங்கலின்றிச் சுழன்றது. வாசல் வழியே உள்ளே அழைத்துச் சென்றது. தாயார் ஒன்றும் பேசவில்லை. தந்தையார் மாத்திரம் திரையருகே குனிந்து, "வாசலைக் கெழக்கால வையிடா, தம்பி" என்றார்.

லயத்துக் கூரையின்கீழ் நான்கு தலைமுறை கழிந்துவிட்டது. காணியும் வீடும் ஒரு கார்டினால் கிடைத்துவிடா; அது நாடு தீர்க்கவேண்டிய கடன். ஆயினும் தமக்கு வேண்டிய வீடு இன்னதென்று அளந்து, வரைந்து, பிறர்க்குக் காட்டவல்ல பிள்ளைகள் தோட்டங்களில் வளர்வது சிறிய காரியமன்று. பழைய கணினியென்று ஒதுக்குமுன், பிள்ளை அதனைக்கொண்டு யாது செய்கிறான் என்று பெற்றோர் ஒருமுறை அருகமர்ந்து பார்ப்பாராக. அதன் வலுவறிந்து பாரமேற்றி, தூசி துடைத்து, இடிமின்னல் நேரத்தில் இணைப்பைக் கழற்றி வைத்தால், அப்பழம்பெட்டி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.