கற்பிட்டி வீதியில் முதல் பஸ்

கற்பிட்டிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியில் சற்றுத் தூரம் வந்து, பாலாவிச் சந்தியில் வலப்புறம் திரும்ப வேண்டும். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒரே வீதி. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். கரம்பை, நுரைச்சோலை, ஏத்தாலை என்று ஊர்கள் வரும். வெங்காயத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் கருவாட்டு வாடிகளும் வரும். முனையில் ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை நிற்கிறது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இறங்கிய ‘பத்தாலா’ புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கோட்டையையும் டொல்பினையும் பார்க்க வருவோர் வெயில் ஏறிய பின்தான் வருவார்கள். நான் சொல்ல வந்தது, சுபஹ் தொழுத கையோடு எதிர்த்திசையில் புத்தளத்துக்குப் புறப்படும் பஸ்ஸைப் பற்றி.

அந்த பஸ்ஸில் பாதிப் பேர் பெண்கள். மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கிளினிக் கொப்பி. வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரைத் தவிர வேறொன்றும் குடித்திருக்க மாட்டார்கள். பாணும் பருப்பும் பையில் கட்டி இருக்கும். கற்பிட்டியிலும் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் சீனி வருத்தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டால் புத்தளம், அதற்கப்பால் சிலாபத்து மாவட்டப் பொது வைத்தியசாலை, அதற்கும் அப்பால் கொழும்பு என்று துண்டு எழுதிக் கொடுப்பார்கள். கண்ணுக்கு ஒரு நாள், பிரஷருக்கு ஒரு நாள். உடம்பு ஒன்று, கொப்பி மூன்று!

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அல்ஹம்துலில்லாஹ். பஸ் இலவசமல்ல. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு அன்றைய கூலியும் போய்விடும். அதனால்தான் பலர், “இந்த மாதம் உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று ஒரு கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். காலில் புண் வந்த பிறகு ஓடுகிறார்கள். சீனி வருத்தம் நரம்பை மரக்கச் செய்துவிடுவதால் புண் நோவதில்லை. நோகாத புண்ணைத்தான் அஞ்ச வேண்டும். இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள். முடியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தடவை என் பக்கத்து இருக்கையில் வயதான ஓர் உம்மா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவர். இரண்டு மாத்திரைத் தாள்களை நீட்டினார்.

“வாப்பா மௌலவி, இதுல என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ.”

ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மற்றது, மருந்து முடிந்தபோது வெளிப் பாமசியில் வாங்கியது. பெரிய எழுத்தில் பெயர்கள் வேறு. சின்ன எழுத்தில் இரண்டிலும் ‘மெட்போமின்’.

“ரெண்டையும் குடிக்கிறீங்களா உம்மா?”

“ஓம். ஒண்டு சீனிக்கு, மத்தது பிரஷருக்குத்தானே?”

சீனிக்கு இரட்டை மருந்து, பிரஷருக்கு ஒன்றுமில்லை! இரண்டு தாள்களையும் டொக்டரின் மேசையில் அப்படியே வைக்கச் சொன்னேன். அவர் பார்த்து ஒன்றை நிறுத்தி, பிரஷர் மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை அமைத்தபோது, கம்பனி வைக்கும் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் வாங்க வேண்டும் என்றுதான் பாடுபட்டார். அந்தச் சொந்தப் பெயர்தான் தாளில் சின்ன எழுத்தில் இருப்பது. படித்த மகள் வீட்டில் இருந்தால் உம்மாவின் தாள்களை ஒருமுறை அவள் பார்க்கட்டும். டொக்டர் சிங்களம் பேசுபவராக இருந்தால், கேட்க வேண்டியதைச் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் மொழிபெயர்க்கப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைக் கெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2022 நெருக்கடியில் டீசலும் இல்லை, மருந்தும் இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குடித்தவர்களை நான் அறிவேன். உடைக்குமுன் டொக்டரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். சில மாத்திரைகள் உடைக்கக் கூடாதவை.

றமழானைப் பற்றிப் பெண்கள் அதிகம் கேட்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை ஸூரத்துல் பகராவில் தெளிவாக இருக்கிறது. அதை மறுத்து நோன்பு பிடித்து மயங்கி விழுவது தக்வா ஆகாது. ஷஃபானிலேயே டொக்டரிடம் கேளுங்கள். விரலில் இரத்தம் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இக்கால அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. சீனி 70க்குக் கீழே இறங்கினால் மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் நோன்பைத் திறந்துவிடுங்கள். குணமாகும் என்ற நம்பிக்கை இல்லாத நோயென்றால், நமது ஷாபிஈ மத்ஹபின்படி நாளொன்றுக்கு ஒரு ‘முத்’ உணவு ஃபித்யா. பெண் டொக்டர் இல்லாத இடத்தில் ஆண் டொக்டரிடம் காட்டுவதும் தேவைக்காக அனுமதிக்கப்பட்டதே. மஹ்ரம் ஒருவர் கூட இருக்கட்டும்.

திடீரென்று முடியாமல் போனால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் வந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் அது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இலக்கத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்த வருடத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் இருப்போர் மட்டும் முதலில் வள்ளத்தைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. இந்த வீதியில் எத்தனை பள்ளிவாசல்கள்! மினாராவுக்குக் கொடுக்கும் கை, கிளினிக் நாளில் ஒரு வேனுக்கும் கொடுக்கலாம். ஜும்ஆ முடிந்து இதை நிர்வாகத்திடம் எழுப்ப வீட்டு ஆண்கள் தயங்கினால், நீங்களே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கிளினிக் எந்தக் கிழமை என்பதையும் எழுதிவிடுங்கள். நிர்வாகத்தில் பலருக்கு அது தெரியாது.