கருங்கல் சீமையிலிருந்து கல்மரம் பார்க்க

ஒசூர்ப் பிள்ளைகள் டைனோசர் பார்க்க அத்திப்பள்ளியைத் தாண்டினால் போதும். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று தலையை ஆட்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பார்த்துவிட்டு வந்த மறுநாளே, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் எலும்பு தேடக் கிளம்பிவிடுவார்கள். கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதுதான் முதல் பாடம். ‘அதெல்லாம் இங்கே ஏது?’ என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவதில் அந்தப் பாடம் வீணாகப் போகிறது.

கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளில் பெரும்பாலானவை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையவை. பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் வெந்து, உருகி, இறுகியவை. அந்தச் சூட்டில் எலும்பாவது, இலையாவது! போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் எலும்போ ஓடோ உள்ள உயிர் ஒன்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. இருந்தவை நுண்ணுயிர்கள் மட்டுமே. பர்கூர்ப் பக்கம் பாலிஷ் போட்டு அடுக்கிய கிரானைட் பலகையில் நெளியும் வரியைப் பார்த்து ஒரு சிறுவன் ‘பாம்பு’ என்றால் சிரிக்க வேண்டாம். கல் குழைந்து நெளிந்த தடத்தைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

புதைபடிவம் உண்டாகச் சேறு வேண்டும். செத்த உயிர் அழுகிப்போகும் முன், நாய் நரி இழுத்துப் போகும் முன், வண்டல் வந்து மூட வேண்டும். சேற்றின் மேல் சேறு படிந்து கல்லாகும். ஊறிவரும் நீர் சிப்பியின் ஓட்டைக் கரைத்துவிட்டால் அதே வடிவில் ஒரு குழி மிஞ்சும். பிறகு தாதுக்கள் அதை நிரப்பும். பவுண்டரியில் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மணலில் பேட்டர்னைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றும் அதே வேலைதான். அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்ததால், அங்கே சிப்பியும் சுருள் ஓட்டு அம்மோனைட்டும் இப்படிக் கிடைக்கின்றன.

மரத்தின் கதை வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போனால், திருவக்கரை தூரமில்லை. பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் சிலர். சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள அடிமரங்கள் செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன. தொட்டால் கல்லின் குளிர்ச்சி. கண்ணுக்கோ நார் ஓட்டமும் கணுவும் தெரிகின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, செல் செல்லாக இடத்தைப் பிடித்துக்கொண்டதன் விளைவு இது. வக்ராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கல்லாகிப்போனதை உடலின் மிச்சம் என்று கண்டவர்கள் பாதி சரியாகத்தான் ஊகித்திருக்கிறார்கள்.

‘கிளை எங்கே, வேர் எங்கே?’ என்று கேட்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. இரண்டுமே இல்லை. இவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளத்தில் உருண்டு வந்து, கிளையும் வேரும் முறிந்து இங்கே புதைந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்வது அதை வைத்துத்தான். செல் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து இனமும் கண்டிருக்கிறார்கள்; அவற்றில் நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு.